அளக்காமல் எழுதியது

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் யாருடைய கையையும் பிடித்து நாடி பார்த்ததில்லை. பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த ஊர், தாயில்பட்டியிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். வீட்டுக்காரர் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார். மானாவாரிதான் என்றாலும் நிலமுள்ள குடும்பம் என்ற பேர் ஊரில் உண்டு. ஒரு தொண்டு நிறுவனம் சுற்றுப்பட்டு ஊர்களில் மாரடைப்பு வராமல் தடுப்பதற்கென்று ஒரு திட்டம் தொடங்கி, ஊருக்கு ஒரு பெண்ணைத் தேடியது. எங்கள் ஊருக்கு என்னை எடுத்தார்கள்.

சூலக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் அவர்களுடைய ஆபீஸ். அங்கே பயிற்சி கொடுத்து, ஒரு பிரஷர் மெஷினும், இதயத்தின் படம் போட்ட பெரிய அட்டைகளும், ஒரு போனும் தந்து அனுப்பினார்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மாதம் ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும். பார்த்ததை அவரவர் கார்டில் எழுதித் தர வேண்டும். ஒரு பதிவு நோட்டிலும் போனிலும் ஏற்ற வேண்டும். அதிகமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தர வேண்டும். இதோடு வாரம் ஒருநாள் பெண்களை உட்காரவைத்துப் பேச வேண்டும்.

பேச எனக்குப் பிடித்தது. உப்பைக் குறைக்க வேண்டும், பீடியை விட வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு, எண்ணெய் பரோட்டா எல்லாம் இதயத்துக்கு ஆகாது என்று அட்டைகளைப் புரட்டிப் புரட்டிச் சொல்வேன்.

"கஞ்சிக்கு ஊறுகாய் இல்லாட்டி என்னத்தத் தொட்டுக்கிட?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பயிற்சியில் சொல்லித்தந்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்வேன். என் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் இல்லாமல் இருந்ததில்லை என்பதைச் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் இரண்டு தெருக்கள். எங்களுடையது ஒன்று. ஒரு காலத்தில் எங்கள் நிலங்களில் கூலிக்கு வந்து, இப்போது பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகிறவர்களின் தெரு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சமுதாயக் கூடம். நான் வேலையில் சேர்ந்தபோதே மாமியார் சொல்லிவிட்டார்: "அங்கனெல்லாம் வீடு வீடாப் போய்க்கிட்டுத் திரியாத. கூடத்துக்கு வரச் சொல்லிப் பாரு." எனக்கும் அதுவே தோதாக இருந்தது. மாமியார் சொன்னதால்தான் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் வசதியாக இருந்தது.

எல்லோரையும் மரியாதையாக 'வாங்க, போங்க' என்று பேசப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பழக்கமோ வேறு. அந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும், வயதில் மூத்தவராக இருந்தாலும், ஒருமைதான். நான் இரண்டிலும் சேராத ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். 'உட்காரு' என்றும் சொல்லமாட்டேன், 'உட்காருங்க' என்றும் சொல்லமாட்டேன். "இங்கன உட்காரணும், கையை நீட்டணும், பேசாம இருக்கணும்" என்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற பெண்களின் கைகளில் எவ்வளவு கழுவினாலும் வெள்ளி நிறத்தில் பொடி ஒட்டியிருக்கும். மெஷினின் பட்டையை அவர்கள் கையில் சுற்றி எடுத்ததும் ஒரு துணியால் துடைப்பேன், பொடி படிந்துவிடுமே என்று. எங்கள் தெருவில் உழவு முடித்து வருகிறவர்களின் கையில் சுற்றிவிட்டு நான் துடைத்ததில்லை. இதெல்லாம் அப்போது என் கண்ணில் படவில்லை.

அந்தத் தெருவில் ஒருவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற வேலை. சிறு வயதில் என் மாமனாரிடம் மாடு மேய்த்தவர். முதல் மாதம் நடந்த முகாமுக்குக் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு மனைவியோடு வந்திருந்தார். அளந்தால் மேலே நூற்று எழுபது, கீழே நூற்றுப் பத்து. மறுபடியும் அளந்தேன், அதேதான்.

"தலை சுத்தல், நெஞ்சுல எதுவும் இருக்கா?" என்றேன்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல தாயி. நல்லாத்தான் இருக்கேன்."

"பீடியை விடணும். உப்பைக் குறைக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கணும். வர்ற வாரம் திரும்ப இங்கன வரணும்."

"சரி தாயி" என்று போனார். கார்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போயிருக்க வேண்டும். 'அனுப்பப்பட்டார்' என்று போனில் ஒரு கட்டம் இருந்தது. அதை அழுத்தினேன்.

அவர் மறுவாரம் வரவில்லை. காலை ஆறரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் திரும்புவதற்கு இருட்டிவிடும். அடுத்த மாதம் அவர் மனைவி மட்டும் வேலை முடிந்து கூடத்துக்கு வந்தார். கையில் இரண்டு கார்டு. தன்னுடையதும் அவருடையதும்.

"அவருக்கு?" என்றேன்.

"லோடு இருக்குன்னு நின்னுட்டாகம்மா. சீசன்ல, விடமாட்டேங்காக. கார்ட மட்டும் குடுத்துவிட்டாக."

மனைவிக்கு அளந்து எழுதினேன். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வீட்டில் அடுப்பு வேலை கிடந்தது. மாதக் கடைசிக்குள் எல்லாப் பேரும் ஏறியிருக்க வேண்டும் என்று ஆபீசிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் பார்த்தேன். கணவருடைய கார்டில் நூற்று ஐம்பது, நூறு என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிருக்கோம்மா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா, கொறஞ்சிருக்கு" என்றேன்.

அவ்வளவு சுலபமாக நடந்தது. அதற்கடுத்த மாதம் நூற்று நாற்பது, தொண்ணூறு. அப்புறம் நூற்று முப்பது, எண்பது. ஒரேயடியாகக் குறைந்தால் சந்தேகம் வரும் என்று படிப்படியாக இறக்கினேன். அவருக்கு மட்டுமல்ல, கூடத்துக்கு வர முடியாத பலருக்கும் இப்படியே எழுதினேன். ஆபீசில் நடந்த கூட்டத்தில் எங்கள் மேடம், நான்கைந்து ஊர்களுக்குப் பொறுப்பானவர், எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லி, "இவங்க ஊர்லதான் பிரஷர் நல்லாக் குறைஞ்சிருக்கு. பேசுறதை ஜனங்க கேட்குறாங்க" என்றார். கைதட்டினார்கள். கூச்சமாக இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், காலை பதினோரு மணி வாக்கில் அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. என் நம்பரைக் கார்டின் பின்னால் நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அம்மா, பெட்டி தூக்கும்போது நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாகளாம். வேர்த்துக் கொட்டுதாம். வாயுவா இருக்கும்னு சோடா குடுத்திருக்காக. என்னம்மா செய்ய?"

"சோடா கீடா ஒன்னும் குடுக்கக் கூடாது. ஒடனே நூத்தி எட்டுக்குப் போடச் சொல்லு. நடக்க விடக் கூடாது" என்றேன். சொல்லிமுடிக்கும் முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன். விருதுநகர் போகிற பஸ்ஸில், நம் வேலைக்கு ஒரு பிரயோசனம் இருக்கிறது, நாம் சொல்லிக்கொடுத்துத்தானே அந்தப் பொம்பளைக்குப் போன் பண்ணத் தெரிந்தது என்றுகூட நினைத்தேன். கார்டு என் நினைவுக்கே வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே பார்த்திருந்தார்கள். மாரடைப்புதான். ஊசி போட்டு, மெஷினை மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஆள் கண்விழித்திருந்தார். மார்பு முழுக்க வயர்கள். மனைவி கம்பெனி உடுப்போடு வந்தவர், கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் தட்டிக்கொடுத்தேன்.

இளம் வயது டாக்டரம்மா வந்தார். "இவருக்கு முன்னாடியே பிரஷர் இருந்ததா?" என்று கேட்டார்.

அவர் மனைவி மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் கார்டு. ஒரு மடிப்பில்லாமல், எண்ணெய்க் கறை இல்லாமல் வைத்திருந்தார். "மொதல்ல இருந்துச்சும்மா. அப்புறம் சரியாப் போச்சு. இந்தா, இவுகதான் மாசாமாசம் பாத்து எழுதுவாக" என்று என்னைக் காட்டினார்.

டாக்டரம்மா ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "நல்லாக் குறைஞ்சிருக்கே. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"மாத்திர ஒன்னும் சாப்பிடல" என்றார் அவர். குரல் மெல்லியதாக வந்தது.

"மாத்திரை இல்லாமலேயா? மாசாமாசம் உங்களுக்குப் பிரஷர் எடுத்தாங்கதானே?"

அவர் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி அவருடைய மச்சினர், கம்பெனி மேஸ்திரி, பக்கத்துக் கட்டில்காரர்கள், எல்லோரும் நின்றார்கள். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வேறில்லை. என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்தாக" என்றார் அவர். "எடுத்துட்டு, நல்லாருக்குன்னுதான் சொன்னாக."

டாக்டரம்மா தன் பேப்பரில் எதையோ குறித்தார். போகும்போது என்னிடம், "கார்டை நல்லா மெயின்டெயின் பண்றீங்க. எல்லாரும் இப்படிச் செய்றதில்லை" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆம், ஆட்டினேன்.

அன்று ஊர் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. நெஞ்சில் வயர்களோடு படுத்துக்கொண்டு அந்த மனுஷன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அவர் உயிர் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். கார்டை எப்படியாவது அவர் மனைவியிடமிருந்து வாங்கியிருப்பேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பப் போனேன். டாக்டரம்மா வருவதற்காக வராந்தாவில் காத்திருந்து, ஓரமாகக் கூப்பிட்டு, முதல் எண்ணைத் தவிர மற்ற எதுவும் நான் அளந்ததில்லை என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"நூத்தி எழுபதுன்னு பார்த்த அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா…" என்று தொடங்கி, நிறுத்தினார். "சரி, அதை இப்பப் பேசி என்ன. போங்க." உள்ளே போய் முன்தினம் எழுதியதை அடித்துத் திருத்தினார். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போய் மேடத்திடமும் சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை. பிறகு, நான் வைத்திருந்த பதிவு நோட்டை எடுத்துவரச் சொல்லி, ஒரு சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தார். "எதெல்லாம் நீங்களா எழுதினதோ, அதுக்குக் கீழே கோடு போடுங்க. ஒன்னு விடாம."

ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கோடு போட்டேன். பெரும்பாலானவை நன்றாக நினைவிருந்தன. முடித்ததும் மேடம் நோட்டைப் புரட்டினார். எங்கள் தெருவின் பக்கங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவப்பு. அந்தத் தெருவின் பக்கங்கள் முழுக்கச் சிவப்பு.

"நேரம் பத்தலன்னு சொன்னீங்க. உங்க தெருவுக்கு மட்டும் நேரம் எப்படிக் கிடைச்சுது?" என்றார்.

எங்கள் தெருவில் ஆண்கள் வீட்டில் இல்லாவிட்டால் நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே போயிருக்கிறேன். மோட்டார் ரூமில் உட்காரவைத்து அளந்திருக்கிறேன். ஒரு பெரியப்பாவுக்குப் பருத்திக் காட்டின் வரப்பிலேயே அளந்தேன். அந்தத் தெருவுக்குள் ஒருநாள்கூட நான் கால் வைக்கவில்லை. கோடு போட்ட பிறகுதான் அதை நான் கண்ணால் பார்த்தேன். அதுவரை சோம்பல், வேலைப்பளு, சீசன் என்று நானே பல காரணங்களை வைத்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். அவருடைய வீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. குழாயடியில் நின்ற பெண்ணிடம் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற வீடுதான்.

நைலான் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். மனைவி, "நீங்க அசையாதீக" என்று அவரை அமர்த்திவிட்டு எனக்கு ஒரு சேரை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அந்தக் கார்டுல மொதல்ல எழுதுனது மட்டுந்தான் நெசம். மத்ததெல்லாம் நானா எழுதுனது. அளக்கவே இல்ல."

அவர் மனைவிக்கு முதலில் புரியவில்லை. "அந்தப் போன்ல பாத்துத்தான எழுதுனீக?"

"போன்ல ஒன்னும் இல்ல."

"ஒருவாட்டி அளந்துட்டா அப்புறம் அதுலயே வரும்போலன்னுல்ல நான் நெனச்சேன்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நின்று கணவரைப் பார்த்தார்.

"விடு. எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா? தெரிஞ்சேதானா அன்னைக்கு டாக்டர்கிட்ட எடுத்தாகன்னு சொன்னீக?"

"அத்தன பேரு முன்னால அவுக மொகம் செத்துப்போச்சு. நான் என்ன செய்ய?"

அவர் மனைவி இழுத்துப் போட்ட சேரை ஓரமாகத் தள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"ஞாயித்துக்கிழம பூராவும் இந்தக் கட்டில்லதான கெடப்பாக. கூப்புட்டாக் கேக்குற தூரம் உங்க வீடு. ஒருவாட்டி வந்து பாத்திருக்கலாமே. பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சா நான் லோடு ஏத்த விட்டிருப்பேனா? மொதல்ல நீங்க சொன்னீகன்னு கருவாட்ட நிறுத்தி வச்சிருந்தேன். கொறஞ்சிருச்சுன்னு நீங்க எழுதுனீக. பாவம், நாக்குச் செத்துக் கெடக்காகளேன்னு நாந்தான் திரும்பக் கொழம்பு வச்சுக் குடுத்தேன். என் கையால குடுத்தேன்."

"என்னைய மன்னிச்சிருங்க" என்றேன். அந்தப் பெண்ணை நான் மரியாதை சேர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த நேரத்தில்தான் அது வாயில் வர வேண்டுமா என்றிருந்தது.

"அத நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேடம் தினமும் காலையில் ஆறு மணிக்கு முன்பே எங்கள் ஊருக்கு வந்தார். வேன் வருவதற்குள் இருவரும் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், கோடு போட்டவர்கள் எல்லோருக்கும் திரும்ப அளந்தோம். தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டே கையை நீட்டினார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க" என்று முன்பைவிடப் பணிவாகப் பேசினார்கள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். சிலருக்குப் பிரஷர் மிக அதிகமாக இருந்தது. கடைசி வீட்டில் ஒரு பெண்ணுக்கு மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் நோட்டில் அந்தப் பெண்ணுக்கு நூற்றிருபது, எண்பது. அவர்களையெல்லாம் இந்த முறை நானே வேம்பக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

அவரால் இனி பாரம் தூக்க முடியாது. இப்போது நாரணாபுரத்தில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வழியில் பார்த்தால், "நல்லாருக்கீகளா தாயி?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார். அவர் மனைவி என்னிடம் அநாவசியமாகப் பேசுவதில்லை. ஒருநாள் கூடத்துக்கு வந்து, மெஷினில் மேலே வருவது எது, கீழே வருவது எது, எவ்வளவு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போதெல்லாம் கணவருக்கு அளக்கும்போது மெஷினைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொள்கிறார். எண்ணை அவரே வாய்விட்டுச் சொல்லி, அவரே எழுதிக்கொள்கிறார். தெருவில் வேறு யாருக்காவது சந்தேகம் என்றால் முதலில் அவரிடம்தான் போகிறார்கள். நான் இத்தனை அட்டைகளைப் புரட்டிச் சொல்லிக்கொடுத்ததைவிட அவர் சொல்வதை ஜனங்கள் கேட்கிறார்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி நடந்தது. மேடம் என்னையும் பேசச் சொன்னார். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார். எதைச் சொல்லச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். எதிரே பத்துப் பதினைந்து பேர், எல்லோர் மடியிலும் புது மெஷின்.

"ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாங்க. அளக்காமலே எழுதிட்டாங்க" என்று ஆரம்பித்தேன். கார்டை, போனை, ஆஸ்பத்திரியை எல்லாம் சொன்னேன். தெருவைச் சொல்லவில்லை. நேரம் இல்லாததால் அப்படிச் செய்துவிட்டார் என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மேடம் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அந்தக்காவ வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்ல" என்றேன். வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.